பூஞ்சணம் பிடித்த கச்சானும் ஓர் எழுத்துப் பிழையும்

கேள்வி: முறிகண்டியில் கச்சான் வறுத்து விற்கிறேன். போன மாரியில் கூரை ஒழுகி மூன்று மூட்டைக் கச்சான் நனைந்துவிட்டது. காயவைத்து உடைத்துப் பார்த்தபோது பலவற்றில் மஞ்சளும் பச்சையுமாகப் பூஞ்சணம். நல்லதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மாட்டுக்குக் கொடுக்கலாம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் என் மகள், இந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு டி.என்.ஏயில் உள்ள மூலங்களை மாற்றி விகாரத்தை உண்டாக்கும் என்கிறாள். தின்கிற பொருளில் இருக்கும் ஒன்று உடம்புக்குள் எழுதியிருப்பதை எப்படி மாற்றும்? இத்தனை வருடமாக நானும் எத்தனையோ கசப்புக் கச்சான் தின்றிருக்கிறேன். அந்த மாற்றம் என் பிள்ளைகளுக்கும் போயிருக்குமா? மணலில் நன்றாக வறுத்தால் நஞ்சு போய்விடாதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாட்டின் விடயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரமானது. ஒதுக்கி வைத்திருக்கும் கச்சானை மாட்டுக்கும் கொடுக்கவேண்டாம், கோழிக்கும் போடவேண்டாம். பசுவின் ஈரல் அந்த நஞ்சைச் சிறிது உருமாற்றிப் பாலில் விடும். மாட்டுக்குப் போட்டது பால் தேத்தண்ணியாக உங்களிடமே திரும்பி வரும். கோழிக் குஞ்சுகளையும் இது தாக்கும்; வாத்துக் குஞ்சுகளுக்கோ மிகச் சிறிய அளவு உள்ளே போனாலே கேடு. காசு போட்டு வாங்கிய மூட்டைகளைப் பற்றி இப்படிச் சொல்வது உங்களுக்கு உவப்பாக இராது என்பது தெரிந்துதான் எழுதுகிறேன்.

இனி உங்கள் மகள் சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னது சரி. ஆனால் நடுவிலே ஒரு படியைத் தாண்டிவிட்டார். நஞ்சு டி.என்.ஏயின் மூலத்தைத் தொட்டவுடனே விகாரம் உண்டாகிவிடுவதில்லை. நஞ்சினால் உண்டாவது ஒரு சேதம். அந்தச் சேதம் திருத்தப்படுவதற்கு முன்னர் கலம் தன் டி.என்.ஏயைப் பகர்த்தெடுத்தால்தான் அது விகாரமாகிறது. சேதம் வேறு, விகாரம் வேறு என்ற இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், உங்கள் கேள்விகளுக்கு விடை காண்பது எளிதாகிவிடும்.

டி.என்.ஏ என்பது ஒன்றையொன்று சுற்றிய இரண்டு நீண்ட இழைகள். இழைகளின் உட்புறத்தில் அடினின், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கு மூலங்கள் வரிசையாக நிற்கின்றன. ஓர் இழையில் அடினின் நின்றால் அதற்கு எதிரே மற்ற இழையில் தைமின் நிற்கும். குவானின் நின்றால் எதிரே சைற்றோசின் நிற்கும். இவை சோடி சேர்வது வடிவப் பொருத்தத்தினாலும் ஐதரசன் பிணைப்புகளினாலுமே. முதற் சோடிக்கு இரண்டு பிணைப்புகள், இரண்டாவதற்கு மூன்று. ஒரு மனிதக் கலத்தில் ஏறத்தாழ 600 கோடி சோடிகள் இருக்கின்றன. கலம் இரண்டாகப் பிரியுமுன் இழைகள் விலகி, ஒவ்வோர் இழையின் எதிரேயும் பொருத்தமான மூலங்கள் ஒவ்வொன்றாக வைக்கப்பட்டுப் புதிய இழை கட்டப்படுகிறது. இந்த வேலையைச் செய்யும் நொதியத்துக்கு, அதாவது கலத்தின் வினைகளை நடத்தும் புரதத்துக்கு, எழுத்தின் பொருள் தெரியாது. எதிரே நிற்கும் மூலத்தின் உருவத்தைப் பார்த்து அதற்குப் பொருந்துவதை வைப்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே அந்த உருவம் இரசாயன முறையில் சிறிது மாறினாலும் தவறான துணை வந்து அமர்ந்துவிட இடமுண்டு.

உங்கள் கடையில் கடன் எழுதும் கொப்பி ஒன்று இருக்கும். அதில் 100 என்று எழுதிய இடத்தில் ஒரு துளி தண்ணீர் பட்டு, ஒன்று ஏழு போலக் கலங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கறையை நீங்கள் பார்த்தால் தெரியும்; யோசித்து, விசாரித்து, திரும்பவும் 100 என்று எழுதிவிடலாம். ஆனால் பழைய கொப்பி முடிந்து, மகளைக் கொண்டு கணக்கைப் புதிய கொப்பிக்கு மாற்றி எழுதுவிக்கும்போது, அவர் அதை 700 என்று வாசித்து எழுதிவிட்டால், புதிய கொப்பியில் கறை கிடையாது. தெளிவான மையில், அழகான கையெழுத்தில், பிழையான கணக்கு நிற்கும். அதன்பின் அந்தக் கொப்பியை மட்டும் எத்தனை தடவை பார்த்தாலும் பிழை என்று கண்டுபிடிக்க வழியில்லை. கறைதான் சேதம், புதிய கொப்பியில் நிற்கும் 700தான் விகாரம்.

இந்தக் கறைகள் நஞ்சினால் மட்டும் படுபவை என்று எண்ணிவிடக்கூடாது. நமது கலங்களுக்குள் இருக்கும் தண்ணீரும் நாம் மூச்சிழுக்கும் ஒட்சிசனுமே நாள்தோறும் டி.என்.ஏயைச் சேதப்படுத்திக்கொண்டுதான் இருக்கின்றன. உடலின் வெப்பநிலையில், ஒவ்வொரு கலத்திலும் தினமும் பல ஆயிரம் அடினின், குவானின் மூலங்கள் இழையிலிருந்து தாமாகவே கழன்று விழுகின்றன; ஒட்சிசனின் வினையால் குவானின் மாற்றமடைந்து, சைற்றோசினோடு சேராமல் அடினினோடு சேரத் தலைப்படுகிறது; சைற்றோசின் தன் அமினோக் கூட்டத்தை (நைதரசன் கொண்ட சிறு அணுக்கூட்டத்தை) இழந்து யுரசில் என்னும் வேறொரு மூலமாக மாறிவிடுகிறது. இது நாளொன்றுக்குக் கலமொன்றில் நூறு தடவைக்கு மேல் நிகழ்கிறது. டி.என்.ஏ கல்லைப் போல நிலையானது என்று எல்லோரும் நம்பியிருந்த காலத்தில், அது இந்த வேகத்தில் சிதைகிறது என்பதைக் காட்டி, அப்படியானால் திருத்துபவர்கள் உள்ளே இருந்தே ஆகவேண்டும் என்று தேடிக் கண்டவர் சுவீடனைச் சேர்ந்த தோமஸ் லிண்டால். அவருக்கும், போல் மொட்ரிச், அசிஸ் சஞ்சார் ஆகியோருக்கும் 2015ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

சைற்றோசின் யுரசிலாக மாறுவதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். எனக்கு இந்தப் பாடத்திலே மிகவும் பிடித்த இடம் இது. யுரசில் அடினினோடு சோடி சேரும். ஆகவே அதைத் திருத்தாமல் விட்டுப் பகர்த்தால், குவானின்–சைற்றோசின் சோடி நின்ற இடத்தில், இரண்டு தலைமுறைக் கலங்களுக்குள் அடினின்–தைமின் சோடி நிற்கும். ஆனால் யுரசில் டி.என்.ஏக்கு உரிய மூலம் அன்று, அது டி.என்.ஏயின் உறவு மூலக்கூறான ஆர்.என்.ஏயில் இருப்பது. டி.என்.ஏயில் அது எங்கே தென்பட்டாலும் அயலான் என்று உடனே தெரிந்துவிடுவதால், ஒரு நொதியம் வந்து அதை வெட்டி அகற்றுகிறது. வேறு சில வந்து அந்த இடத்தில் சைற்றோசினை வைத்து இழையை மூடுகின்றன. டி.என்.ஏயில் யுரசிலுக்குப் பதிலாகத் தைமின் இருப்பது ஏன் என்று மாணவர்கள் கேட்கும்போது நான் சொல்லும் விடை இதுதான். யுரசிலே உரிமையுள்ள எழுத்தாக இருந்திருந்தால், எது இயல்பாக நின்ற யுரசில், எது கெட்டுப்போன சைற்றோசின் என்று பிரித்தறிய முடியாமற் போயிருக்கும். இந்த ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. நமது டி.என்.ஏயில் சில சைற்றோசின்கள் மெதைல் கூட்டம் ஒன்றைச் சுமந்து நிற்கின்றன. அவை அமினோக் கூட்டத்தை இழந்தால் யுரசிலாக மாறுவதில்லை, தைமினாகவே மாறிவிடுகின்றன. தைமின் வீட்டுப் பிள்ளை. அதை அயலான் என்று அடையாளம் காண்பது கடினம். மனித நோய்களில் காணப்படும் ஒற்றை எழுத்து விகாரங்களில் கணிசமான பங்கு இத்தகைய இடங்களில் நிகழ்வதற்குக் காரணம் இதுவே.

இப்போது உங்கள் கச்சானில் பிடித்த பூஞ்சணத்துக்கு வருவோம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. விசாரித்தபோது, அவற்றின் தீவனத்தில் கலந்திருந்த கச்சான் பிண்ணாக்கில் அஸ்பெர்ஜிலஸ் பிளேவஸ் என்னும் பங்கசு வளர்ந்து நஞ்சு சுரந்திருந்தது தெரியவந்தது. அந்தப் பங்கசின் பெயரைச் சுருக்கியே நஞ்சுக்கு அஃப்ளாடொக்சின் என்று பெயர் வைத்தார்கள். அதில் பி1 என்ற வகைதான் மிகக் கொடியது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அஃப்ளாடொக்சின்களை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று ஐயமின்றி உறுதிப்படுத்தப்பட்ட முதலாம் தொகுதியில் வைத்திருக்கிறது.

விந்தை என்னவென்றால், பூஞ்சணத்தில் இருக்கிறபடியே இந்த நஞ்சு டி.என்.ஏயோடு வினைபுரிவதில்லை. அதைக் கூர்மையாக்கிக் கொடுப்பது நம்முடைய ஈரலே. உடலுக்குள் வரும் அந்நியப் பொருள்களை நீரில் கரையச் செய்து வெளியேற்றுவதற்காக ஈரல் அவற்றோடு ஒட்சிசனைச் சேர்க்கிறது. பெரும்பாலான பொருள்களுக்கு இது நன்மையாகவே முடியும். ஆனால் பி1இல், ஒட்சிசன் சேர்ந்தவுடன் இரண்டு காபன்களும் ஓர் ஒட்சிசனுமாக ஒரு முக்கோண வளையம் உண்டாகிறது. எப்பொக்சைட்டு என்பது அதன் பெயர். வளைத்துக் கட்டிய பச்சைத் தடி நிமிரத் துடிப்பதுபோல, இந்த முக்கோணமும் திறந்துகொள்ளத் துடித்துக்கொண்டு நிற்கும். அஃப்ளாடொக்சின் தட்டையான மூலக்கூறு ஆகையால், டி.என்.ஏயில் அடுக்கியிருக்கும் மூலங்களுக்கிடையே அது வழுக்கிக்கொண்டு நுழைய முடிகிறது. அப்படி நுழைந்து குவானினுக்குப் பக்கத்தில் கிடக்கும்போது, முக்கோணம் திறந்து, குவானினின் வளையத்தில் ஏழாம் இலக்கத்தில் இருக்கும் நைதரசனோடு இறுகப் பிணைந்துவிடுகிறது. குவானினைவிடப் பெரிய ஒரு சுமை இப்போது அதன் முதுகில். சில வேளைகளில் அந்தக் குவானின் சுமையோடு கழன்று விழுந்து வெற்றிடம் உண்டாகும். சில வேளைகளில் குவானினின் வளையமே உடைந்து திறந்து, சுமை நிலையாக அங்கேயே தங்கிவிடும். இரண்டாவது வகையை அகற்றுவது கடினம்.

இதுவரை நடந்தது சேதம் மாத்திரமே. திருத்தும் நொதியங்கள் இழையில் ஏற்பட்ட புடைப்பை உணர்ந்து, அந்தத் துண்டை வெட்டி எடுத்து, எதிர் இழையைப் பார்த்து மீண்டும் நிரப்பிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பெரும்பாலும் அப்படித்தான் ஆகிறது. திருத்துமுன்னே பகர்த்தல் தொடங்கிவிட்டால், நொதியம் அந்தச் சேதமடைந்த குவானினின் எதிரே அடிக்கடி அடினினை வைத்துவிடுகிறது. அடுத்த முறை பகர்க்கும்போது அந்த அடினினுக்கு எதிரே, முறைப்படி, தைமின் வந்து அமரும். குவானின் நின்ற இடத்தில் இப்போது தைமின். சுமையும் இல்லை, புடைப்பும் இல்லை. திருத்துபவர்கள் எத்தனை தடவை கடந்து போனாலும் குறை சொல்ல ஒன்றுமில்லாத சுத்தமான சோடி அது.

ஓர் எழுத்துத்தானே என்று தோன்றலாம். அது எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான இடங்களில் விழுந்தால் ஒன்றும் நேராது. 1991இல் சீனாவிலும் தென்னாபிரிக்கப் பகுதியிலும், அஃப்ளாடொக்சின் மிகுந்த உணவை உண்டுவந்த மக்களின் ஈரல் புற்றுநோய்களை ஆராய்ந்தவர்கள், பி53 என்னும் புரதத்துக்குரிய பரம்பரை அலகில் ஒரே இடத்தில் ஒரே மாற்றம் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டார்கள். புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி; ஒவ்வோர் அமிலத்தையும் டி.என்.ஏயில் மூன்று எழுத்துகள் குறிக்கும். 393 அமினோ அமிலங்களைக் கொண்ட அந்தப் புரதத்தில் 249ஆவது அமிலத்துக்கான மூவெழுத்து அடினின்–குவானின்–குவானின்; அதன் கடைசிக் குவானின் தைமினாக மாறியிருந்தது. அதனால் ஆர்ஜினின் இருக்கவேண்டிய இடத்தில் செரீன் வந்துவிட்டது. இந்தப் பி53 செய்யும் வேலை என்ன தெரியுமா? டி.என்.ஏயில் சேதம் இருக்கிறது என்று அறிந்தால் கலம் பிரிவதை நிறுத்திவைத்து, திருத்துவதற்கு நேரம் வாங்கிக் கொடுப்பது. திருத்த முடியாத அளவுக்குக் கெட்டிருந்தால் கலத்தைச் சாகவிடுவது. நான் மேலே சொன்ன அந்த இடைவெளியை, சேதத்துக்கும் பகர்த்தலுக்கும் நடுவே உள்ள நேரத்தை, காத்து நிற்கும் காவற்காரனே அடிபட்டுப்போகிறான். அதன்பின் வரும் ஒவ்வொரு சேதத்துக்கும் விகாரமாவதற்கு வழி திறந்துவிடுகிறது.

இதே காரணத்தினால்தான் ஹெப்பற்றைற்றிஸ் பி என்னும் ஈரல் அழற்சி உள்ளவர்களுக்கு அஃப்ளாடொக்சின் பல மடங்கு கேடாகிறது. அழற்சியால் ஈரல் கலங்கள் இறந்துகொண்டே இருக்க, அவற்றின் இடத்தை நிரப்ப மிச்சக் கலங்கள் விரைந்து பிரிகின்றன. திருத்த நேரம் கிடைப்பதில்லை. இலங்கையில் அந்த நோய் குறைவு. 2003 முதல் குழந்தைகளுக்குத் தடுப்பூசியும் போடப்படுகிறது. ஆனால் நீங்களும் நானும் அந்தத் தடுப்பூசிக்கு முந்திப் பிறந்தவர்கள். உங்களுக்கோ நெருங்கிய உறவினருக்கோ நீடித்த ஈரல் நோய் இருந்தால், வைத்தியசாலைக்குப் போகும்போது அதற்கான இரத்தப் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். நான் உயிர் இரசாயனவியல் படிப்பிப்பவன், வைத்தியன் அல்லன். ஆகவே அதற்கு மேல் வைத்தியர்தான் சொல்லவேண்டும். பொறுக்கும்போது வாயில் பட்ட கசப்புக் கச்சான்களை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. ஈரல் புற்றுநோய் அதிகம் கண்ட இடங்களில் மக்கள் பழுதடைந்த கச்சானையும் சோளத்தையும் பல ஆண்டுகள் நாளாந்த உணவாகவே உண்டு வந்தார்கள்.

பிள்ளைகளுக்குப் போயிருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் ஈரல் கலமொன்றில் விகாரம் உண்டாகியிருந்தாலும் அது அந்தக் கலத்திலிருந்து பிரிந்து வரும் ஈரல் கலங்களுக்கே போகும். பிள்ளைக்குப் போவது முட்டையிலும் விந்திலும் இருக்கும் டி.என்.ஏ மட்டுமே. புதிய விகாரமே இல்லாமல் எந்தப் பிள்ளையும் பிறப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். தாய் தந்தை இருவரிடமும் இல்லாத ஏறத்தாழ 60 அல்லது 70 ஒற்றை எழுத்து மாற்றங்கள் ஒவ்வொரு குழந்தையிலும் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி தந்தை வழியாக வருவது, ஏனெனில் விந்தை உண்டாக்கும் கலங்கள் ஆயுள் முழுவதும் பிரிந்து பகர்த்துக்கொண்டே இருப்பவை. எனினும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பழுதடைந்த கச்சானை வாயில் வைக்கக்கூடாது. அங்கே பிள்ளைக்குப் போவது விகாரம் அன்று, நஞ்சேதான். அது தொப்புள்கொடி வழியாகவும் தாய்ப்பால் வழியாகவும் செல்லும்.

கடைசியாக வறுப்பது. அஃப்ளாடொக்சின் 250 பாகை செல்சியஸ் அளவு வரையில் தாக்குப்பிடிக்கக்கூடியது. உங்கள் தாச்சியில் மணல் அந்தச் சூட்டுக்கு ஏறினால் கச்சான் கருகிவிடும். வறுப்பதால் நஞ்சின் ஒரு பகுதி குறையும், முழுவதும் போகாது. அதைவிடக் கெடுதல், வறுத்த மணமும் உப்பும் கசப்பை மறைத்துவிடும். நம் அம்மம்மாமார் கசந்த கச்சானை விழுங்கவிடாமல் துப்பச் சொன்னது நல்ல இரசாயனம்; ஆனால் நஞ்சுள்ள எல்லாக் கச்சானும் கசக்கும் என்றும் சொல்ல முடியாது.

வறுப்பதைவிடப் பொறுக்குவதுதான் பலன் தரும். ஒரு மூட்டையில் உள்ள நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. சுருங்கியவை, நிறம் மாறியவை, வண்டு துளைத்தவை, கோது வெடித்தவை ஆகிய சிலவற்றிலேயே பெரும்பகுதி தங்கியிருக்கும். நீங்கள் பொறுக்கி எடுத்த நல்ல கச்சானைக் கோது உடைத்துச் சுளகில் பரப்பி, பகல் வெளிச்சத்தில் இன்னொரு தடவை பாருங்கள். சந்தேகமானதை நல்லதோடு சேர்க்கவேண்டாம். நனைந்த அதே மூட்டையில் பாதிக்கு மேல் பழுதாகியிருந்தால், எஞ்சியதையும் விற்காமல் விடுவதே நேர்மை என்பது என் எண்ணம். முறிகண்டிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்து உங்களிடம் சுருள் வாங்குபவர் அதை மடியிலிருக்கும் குழந்தைக்கும் உரித்துக் கொடுப்பார்.

வருகிற போகத்தில், மழை முற்றாக ஓயுமுன் பிடுங்கிய கச்சானை வாங்கினால் அதை உடனே மூட்டை கட்டாதீர்கள். குலுக்கினால் பருப்பு கோதுக்குள் கலகலக்கவேண்டும், விரலால் தேய்த்தால் செந்தோல் உரியவேண்டும், அதுவரையில் காயட்டும். பருப்பில் ஈரம் நூற்றுக்கு 8 வீதத்துக்கு மேல் நின்றால் பங்கசுக்கு இடம் கொடுத்ததாகும். பிளாஸ்ரிக் உரப்பை காற்றை விடாது, ஈரத்தைப் பிடித்து வைக்கும். சணல் சாக்கே நல்லது. சாக்கைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகையின் மேல், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஒதுக்கிய பழுதுக் கச்சானை, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, கிணற்றுக்குத் தள்ளி ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். கோழி கிளறாதபடி மேலே மண் நன்றாக இருக்கட்டும்.